மைசூரில் ஒரு நாள்: கேம்பர் வேனில் தனியாக வருகிறவர்களுக்கு

படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வேனில் போகிறவர்கள் காட்டோரத்திலும் கடற்கரையிலும் நன்றாகவே சமாளித்துவிடுகிறார்கள். திணறுவது நகரத்துக்குள் வந்த பிறகுதான். அரண்மனைக்கு வேன், மார்க்கெட்டுக்கு வேன், சாப்பிட வேன் என்று எட்டரை அடி உயர வண்டியைச் சந்து சந்தாக ஓட்டினால், பார்த்ததைவிட பார்க்கிங் தேடியதுதான் நினைவில் நிற்கும். வேனை ஓரிடத்தில் நிறுத்துங்கள், அன்று முழுக்க அதைத் தொடாதீர்கள், மதியம் அதற்குள் வந்து படுத்துத் தூங்குங்கள். மைசூரு இதற்கு ஏற்ற ஊர். பார்க்க வேண்டியவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன, ஆட்டோ எளிதில் கிடைக்கும், கடைக்காரர்களில் பலர் தமிழ் பேசுவார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரம் என்பதால் வேனுக்குள் மதியத் தூக்கமும் பெரும்பாலான மாதங்களில் சாத்தியம்.

முந்தின நாளே போய்ச் சேருங்கள்

மாலை 4 மணிக்குள் மைசூரில் இருப்பது போல் கிளம்புங்கள். சத்தியமங்கலம் வழியாக வந்தால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் பகலிலேயே ஏறிவிட வேண்டும். முதுமலை, பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும். ஊட்டியைத் தொட்டு வருவதென்றால் நீலகிரிக்கான இ-பாஸை முன்பே எடுத்து வையுங்கள். வளைவுகளில் ஏறும் முன் வேனுக்குள் ஒரு சுற்று வர வேண்டும். அலமாரிக் கொக்கிகள் மாட்டியிருக்கின்றனவா, ஃபிரிட்ஜ் கதவு பூட்டியிருக்கிறதா, சிலிண்டர் வால்வு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூட ஆள் இருந்தால் சரிந்த டப்பாவை எடுத்து வைப்பார். தனியாக வருகிறவர் எட்டாவது வளைவில் பின்னால் ஏதோ உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க வேண்டியதுதான்.

வாடகை வேன் மஞ்சள் போர்டு என்றால் அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த வேனை மாற்றியமைத்திருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இது இல்லாமல் மாநில எல்லையில் பேசிப் புரியவைப்பது சிரமம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் இழுபறியாகும்.

எங்கே நிறுத்துவது

ஐரோப்பாவில் இருப்பது போலக் கேம்பர் வேனுக்கென்றே தண்ணீரும் கழிவுத் தொட்டியும் வைத்த இடங்கள் நம் ஊர்களில் அரிது. ஆகவே சாலையோரத்தில் தூங்கும் எண்ணமே வேண்டாம். காம்பவுண்டு உள்ள ஒரு சின்ன லாட்ஜில் மலிவான அறை ஒன்று எடுத்து, வேனை உள்ளே நிறுத்தி, படுக்கையை மட்டும் வேனில் வைத்துக்கொள்ளுங்கள். காசு வீண் என்று தோன்றும். ஆனால் குளியல், கழிவறை, தண்ணீர், சார்ஜிங், இரவுக் காவல் என்று ஐந்து தேவைகள் அந்த ஒரு வாடகையில் தீர்ந்துவிடும். லாட்ஜ் பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பதால் இரவு ரோந்தில் கேள்வி வந்தாலும் பதில் இருக்கும். தனியாக வரும் பெண்களுக்கு நாங்கள் வேறு வழியே சொல்ல மாட்டோம்.

நஞ்சன்கூடு சாலையிலும் வெளிவட்டச் சாலையை ஒட்டியும் இப்படிப்பட்ட லாட்ஜுகளைத் தேடுங்கள். ஊருக்குள், குறிப்பாக அரண்மனையைச் சுற்றி, காம்பவுண்டு உள்ளவை குறைவு, இருந்தாலும் நுழைவு வளைவு தாழ்வாக இருக்கும். போனில் கேட்க வேண்டியவை நான்கு: கேட்டின் உயரம் எவ்வளவு, உள்ளே திருப்ப இடம் உண்டா, இரவு கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், வேனுக்குள் தூங்குவதில் ஆட்சேபம் உண்டா. கடைசிக் கேள்வியை மறைத்துவிட்டுப் போகாதீர்கள். நடுராத்திரியில் வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டுவார்.

வேனின் உயரத்தை டேப் வைத்து அளந்து, ரூஃப் ஃபேனையும் சோலார் பேனலையும் சேர்த்து, ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மால்களின் கீழ்த்தளப் பார்க்கிங் பெரும்பாலும் 2.1, 2.2 மீட்டர்தான். ஹை-ரூஃப் வேன் எதுவும் அதற்குள் போகாது. மைசூரில் இன்னொரு சங்கடம் மரங்கள். பழைய சாலைகளின் இருபுறமும் கிளைகள் தாழ்ந்து வளர்ந்திருக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது உதவிக்கு வருகிறவர் ‘பன்னி, பன்னி’ என்று கன்னடத்தில் வரச் சொல்வார். அவர் கண் டயரில்தான் இருக்கும், கூரையைப் பார்க்க மாட்டார். தனியாக வருகிறவர் ஒரு முறை இறங்கி, பின்னாலும் மேலேயும் பார்த்துவிட்டு ஏறி எடுப்பதே சரி. இரண்டு நிமிடம் ஆகும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

வண்டியின் மூக்கு வெளியே பார்க்கும்படி நிறுத்துங்கள். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் சாவியைத் திருப்பிக் கிளம்ப அதுதான் வசதி. தரை சரிவாக இருந்தால் தலைப்பக்கம் மேட்டில் இருக்க வேண்டும். சின்னச் சரிவுக்கு ஒன்றரை அங்குலப் பலகை இரண்டு போதும்.

வேறு வழியில்லாமல் வேனை ஊருக்குள் கொண்டுவர நேர்ந்தால், அரண்மனைக்குக் கிழக்கே தசரா பொருட்காட்சி மைதானப் பக்கம் உள்ள பார்க்கிங்குக்குக் காலை 9 மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். சுற்றுலா பஸ்கள் வந்து நின்ற பிறகு பெரிய வண்டியைத் திருப்பக்கூட இடம் கிடைக்காது. கேட்கத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே கன்னட வாக்கியம்: ‘காடி இல்லி நில்லிஸபஹுதா?’ வண்டியை இங்கே நிறுத்தலாமா என்று அர்த்தம்.

ஒரு நாளுக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர்

45 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 வாட்-ஹவர் இழுக்கும். ரூஃப் ஃபேன் 20 வாட் வீதம் 12 மணி நேரம் ஓடினால் 240. விளக்கு, போன், கேமராவுக்கு 100. மொத்தம் 740. 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-ஹவர் இருக்கும். அதாவது வெயிலே படாவிட்டாலும் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். அதே அளவு லெட்-ஆசிட் பேட்டரி என்றால் பாதிதான் எடுக்கலாம், அதற்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

இந்தக் கணக்கைப் போட்டு வைத்தால் ஒரு முக்கியமான முடிவு எளிதாகும். வேனை நிழலில் நிறுத்துவதா, வெயிலிலா? வெயிலில் நிறுத்தினால் 200 வாட் பேனல் நாளொன்றுக்கு 600, 700 வாட்-ஹவர் தரும், ஆனால் உள்ளே மதியம் படுக்க முடியாது, ஃபிரிட்ஜும் இரட்டிப்பாக உழைக்கும். மரத்தின் அரை நிழல் விழுந்தாலே பேனல் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. நகரத்தில் நிழலையே தேர்ந்தெடுங்கள். சார்ஜுக்கு லாட்ஜ் இருக்கிறது. 20 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் சுவரிலிருந்து 300 வாட் அளவுதான் எடுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும். 15 மீட்டர் எக்ஸ்டென்ஷன், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், முழுவதும் பிரித்துப் போட்டது. சுருளோடு விட்டால் ஒயர் சூடாகும். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் அந்த பாயின்ட்டில் போடாதீர்கள். ஃபியூஸ் போனால் அடுத்த கேம்பர்காரருக்கு அந்த லாட்ஜில் இடம் கிடைக்காது.

தண்ணீர் ஒருவருக்கு 20 லிட்டர் போதும்: குடிக்க 3, சமைக்க 3, பாத்திரம் கழுவ 5, கை கால் முகத்துக்கு மீதி. குளியலை லாட்ஜில் முடித்துவிடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை 20 லிட்டர் கேனில் பிடித்து, லாட்ஜ் குளியலறைச் சாக்கடையில் ஊற்றுங்கள். வேனுக்கு அடியில் சொட்ட விடக் கூடாது, மைசூரின் மழைநீர்க் கால்வாய்கள் ஏரிகளில் போய்ச் சேர்கின்றன. 20 லிட்டர் போர்ட்டபிள் டாய்லெட்டின் கீழ்த்தொட்டி ஒருவருக்கு மூன்று நாள் வரும் என்றாலும், லாட்ஜில் இருக்கும்போதே காலி செய்துவிடுவது நல்லது. கழிவறைக்குள் மெதுவாக, காற்று விடும் பொத்தானை அழுத்தியபடி ஊற்ற வேண்டும். அழுத்தாமல் கவிழ்த்தால் குபுக்கென்று தெறிக்கும்.

காலை: படியேறிச் சாமுண்டி மலை

காலை 5.30-க்கு எழுந்து, ஒரு காபியோடு, வேனைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடியுங்கள். பூட்டும் முன் செய்ய வேண்டியவை: எரிவாயுவை அடுப்பில் மூடினால் போதாது, சிலிண்டர் வால்விலேயே மூட வேண்டும், ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைக்க வேண்டும், ரூஃப் ஃபேனைக் கம்பி வலையோடு இரண்டு விரற்கடை திறந்து வைக்க வேண்டும். வலை இல்லாவிட்டால் மூடிவிடுங்கள், குரங்குகள் உண்டு. லேப்டாப் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில். மாற்றுச் சாவி லாட்ஜ் ரிசப்ஷனில் ஒட்டிய கவரில். தனியாக வருகிறவர் மலையில் சாவியைத் தொலைத்தால் வீட்டையே தொலைத்தது போல.

மலையடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஆயிரத்தெட்டுப் படிகள் என்பது வழக்கு. நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம். 6 மணிக்குத் தொடங்குவதில்தான் சுகம். வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் கடந்து, ஒரே பாறையில் செதுக்கிய நந்தியிடம் வந்துவிடுவீர்கள். ஏறத்தாழ 16 அடி உயரம், 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தது. கழுத்து மணிச்சரங்களின் வேலைப்பாட்டை நின்று பாருங்கள். மேலே கோயில் 7.30-க்குத் திறக்கும். செவ்வாய், வெள்ளி, கன்னடர்களின் ஆஷாட மாதம் (ஜூன்-ஜூலை வாக்கில்) என்றால் கூட்டம் அதிகம், அந்த நாட்களில் தரிசனத்துக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். ஏறியவர்கள் இறங்கவும் படியைப் பிடிப்பது வேண்டாத வேலை, முழங்கால் மீதி நாளைக் கெடுக்கும். 201-ஆம் எண் பஸ் நகரப் பேருந்து நிலையத்துக்கே கொண்டுவந்து விடும், அங்கிருந்து அரண்மனை நடக்கும் தூரம்.

டிபனுக்கு நசர்பாத் பக்கம் போய் மைலாரி தோசை சாப்பிடுங்கள். நம் ஊர் முறுகல் தோசையை எதிர்பார்க்காதீர்கள். கையால் மடித்தால் பஞ்சு போல மடங்கும், உள்ளே குருமா போன்ற சாகு, மேலே வெண்ணெய். இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும்.

அரண்மனையை 10 மணிக்கே பிடியுங்கள்

அரண்மனை காலை 10 முதல் மாலை 5.30 வரை. டிக்கெட் தெற்கே வராக வாசலில். திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உள்ளே பார்த்துவிட வேண்டும், பள்ளிக்கூட பஸ்கள் வந்த பிறகு தர்பார் மண்டபத்தில் நின்று எதையும் பார்க்க முடியாது. செருப்பை வெளியே விட வேண்டும், அதனால் படியேறிய காலணிக்கு உள்ளே ஒரு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தோள்பை சின்னதாக இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், தொப்பி, பவர் பேங்க், மெல்லிய துணிப்பை, இவ்வளவுதான் நாளுக்குத் தேவை.

பழைய மர அரண்மனை 1897-இல் தீக்கிரையான பிறகு, இப்போதுள்ளது 1912-இல் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துத் தேசியக் கலைக்கூடத்திலும் கை வைத்தவர். அவற்றைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள குவிமாடங்கள் பழகிய முகம் போலத் தெரியும். பெரும்பாலானவர்கள் நேராகத் தர்பார் மண்டபத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் கல்யாண மண்டபத்தில் நேரம் செலவிடுங்கள். மயில்கள் விரிந்த வண்ணக் கண்ணாடிக் கூரை, அதைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை. சுற்றுச் சுவர்களில் தசரா ஊர்வலத்தை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். ஓவியங்களை ஊர்வலம் போகும் திசையிலேயே நடந்து பார்த்தால் யானை, குதிரை, பல்லக்கு என்று அது உங்களோடு நகரும். இந்த ஒரு கூடத்துக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

அங்கிருந்து தேவராஜா மார்க்கெட் பத்துப் பதினைந்து நிமிட நடை. வழியில் ஒருவர் வந்து இன்று மார்க்கெட் மூடியிருக்கிறது, நல்ல சந்தன எண்ணெய்க் கடைக்கு அழைத்துப் போகிறேன் என்பார். சிரித்துவிட்டு நடையைத் தொடருங்கள். குங்குமக் கூம்புகள், மைசூரு மல்லிகை, வெற்றிலை வரிசை எல்லாம் கண்ணுக்கு. வாங்குவதை வேனில் இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் நாலு பழத்துக்கு மேல் வேண்டாம், மூடிய வேனில் மறுநாளே கனிந்து கருத்துவிடும். மைசூர்பாக்கைக் கால் கிலோவாக இரண்டு பொட்டலம் கட்டச் சொல்லுங்கள். மதிய வெப்பத்தில் நெய் கசியும் என்பதால் டப்பாவில் போட்டுத் தரையை ஒட்டி வையுங்கள், அங்குதான் வேனில் குளிர்ச்சி. ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து கல்லாகிவிடும்.

மதியம் ஓய்வு

பிறகு பார்க்க ஜகன்மோகன் அரண்மனையின் ஓவியக்கூடம் இருக்கிறது, பிலோமினா தேவாலயம் இருக்கிறது, ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இவற்றில் ஒன்றை அடுத்த நாளுக்கு வையுங்கள், மற்றவற்றை விடுங்கள். 12.30-க்கு ஆட்டோ பிடித்து வேனுக்கு வந்துவிட வேண்டும். ஆட்டோவை ஆப்பில் அழைத்தால் கட்டணப் பேச்சு மிச்சம்.

வேன் மூடிக் கிடந்திருக்கும். வந்ததும் படுக்காதீர்கள். இருபுறக் கதவுகளையும் பத்து நிமிடம் திறந்துபோட்டு, ரூஃப் ஃபேனைக் காற்றை வெளியேற்றும் திசையில் முழு வேகத்தில் ஓட விடுங்கள். பிறகு வெயில் படும் பக்கத்துக் கதவை மூடி, நிழல் பக்கத்து ஜன்னலைக் கொசுவலையோடு பாதி திறந்து வையுங்கள். ஃபேன் வெளியே தள்ள, நிழல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். எல்லா ஜன்னலையும் திறந்தால் இந்த இழுவை நடக்காது. முன்கண்ணாடிக்கு வெளிப்பக்கமாகப் போடும் வெள்ளிப் போர்வை உள்பக்கத் திரையைவிடப் பல மடங்கு வேலை செய்யும், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே திரும்பிவிடுகிறது.

சாப்பாட்டுக்குத் தயிர் சாதம். காலை காபி போடும்போதே அரை டம்ளர் அரிசியைக் குழைய வேகவைத்து, ஆறியதும் பாலும் ஒரு ஸ்பூன் தயிரும் கலந்து மூடி வைத்துப் போனால், மதியம் புளிக்காமல் சரியாக இருக்கும். மதியத்தில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது. கேம்பரின் சின்ன இடத்தில் பத்து நிமிடச் சமையல் கூட வெக்கையைக் கூட்டும், அது இறங்க ஒரு மணி நேரமாகும். பிறகு தூங்குங்கள், அல்லது மடக்கு நாற்காலியை மரத்தடியில் போட்டுப் புத்தகம் படியுங்கள். 3.30 வரை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாலை

வார நாள் என்றால் குக்கரஹள்ளி ஏரி. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864-இல் வெட்டிய ஏரி இது. கரையோடு சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மாலையில் பறவைகள் கூடு திரும்பும். காரஞ்சி ஏரியும் நன்று, ஆனால் அங்கே 5.30-க்கு மூடுவார்கள், செவ்வாய்க்கிழமை அதுவும் பக்கத்து உயிரியல் பூங்காவும் விடுமுறை.

ஞாயிறு என்றால் ஏரியைச் சுருக்கிக்கொண்டு 6.30-க்குள் அரண்மனை வளாகத்துக்குள் இருங்கள். 7 மணிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும், 7.45 வரை. அந்த முதல் நொடிக்காகத்தான் காத்திருப்பது, அதனால் போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். படம் எடுக்க அதன் பிறகு அரை மணி நேரம் இருக்கிறது. அரசு விடுமுறை நாட்களிலும் இது உண்டு. வெளியே வரும்போது 7.35-க்கே கிளம்பிவிட வேண்டும். கூட்டத்தோடு வந்தால் ஆட்டோ கிடைக்க அரை மணி நேரமாகும். வாசலில் நின்று அழைக்காமல் ஐந்நூறு மீட்டர் நடந்துபோய் அழையுங்கள்.

இரவு

லாட்ஜ் கேட் பூட்டும் முன் திரும்பிவிடுங்கள். இரவுச் சமையல் என்றால் கதவைத் திறந்து வைத்து, உப்புமா போல ஒரே பாத்திரத்தில் முடிவது. ஐந்து கிலோ சிலிண்டரே தனி ஆளுக்கு வாரக்கணக்கில் வரும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், ஆகவே கேஸ் அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் பொருத்த வேண்டும். கூரையில் மாட்டியவர்கள் கழற்றிக் கீழே மாட்டுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாய்க்கு ஐந்து வருடம்தான் ஆயுள், தேதி குழாயிலேயே அச்சிட்டிருக்கும்.

படுக்கும் முன் நீங்கள் நிற்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள், காலையில் எத்தனை மணிக்குள் பேசுவீர்கள் என்றும் சொல்லுங்கள். நேரம் சொல்லாவிட்டால், நீங்கள் பேசாத காலையில் அவர்கள் எப்போது கவலைப்படத் தொடங்குவது என்று தெரியாமல் இருப்பார்கள். திரையை மூடி, ரூஃப் ஃபேனை மெதுவான வேகத்தில் விட்டு, ஒரு ஜன்னலை வலையோடு விரலளவு திறந்து வையுங்கள். செருப்பும் சாவியும் கை எட்டும் தூரத்தில். டிரைவர் சீட்டில் பை, துணி எதுவும் கிடக்கக் கூடாது, வெளியே இறங்காமலே போய் உட்கார்ந்து வண்டியை எடுக்க வழி இருக்க வேண்டும்.

காலையில் கிளம்பும் முன் பாத்திரம் கழுவிய தண்ணீர்க் கேனையும் டாய்லெட் தொட்டியையும் காலி செய்து, குடிநீரை நிரப்பி, ரிசப்ஷனில் கொடுத்த மாற்றுச் சாவியை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.